குளிரில் திரளும் புரதம், காலில் செம்புள்ளிகள்: எந்தச் சிகிச்சை யாருக்கு?

கணுக்காலைச் சுற்றி ஊசியால் குத்தியது போலச் சிவந்த புள்ளிகள். தடவிப் பார்த்தால் லேசாக மேடு தட்டும். சாதாரணச் சிவப்பை விரலால் அழுத்தினால் வெளுத்து மறையும், இது மறையாது. ஒரு வாரம், பத்து நாளில் தானாக மங்கி, பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் போகும். அப்புறம், நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டுப் படுத்தால், மறுநாள் காலையில் அதே இடத்தில் புதிதாக ஒரு கூட்டம் வந்து நிற்கும்.

இந்தப் புள்ளிகளோடு அலைகிற இரண்டு பேர் ஒரே மாதத்தில் எனக்கு எழுதியிருந்தார்கள். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்றுதான்: கிரையோகுளோபுலினீமியா. முதலாமவர் ஒன்றரை ஆண்டாக ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார். "இதையே தொடரலாம், இல்லையென்றால் ரிட்டுக்சிமாப் ஊசி போடலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டாமவருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கிறது. ஒரு மருத்துவர் முதலில் வைரஸ் என்கிறார், இன்னொருவர் முதலில் தோல் என்கிறார். இரண்டு கடிதமும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். இந்த நோயின் புரதத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதுதான் எழுதத் துணிந்ததற்குக் காரணம். மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வழியில் எது ஒளிந்திருக்கிறது என்பதை நான் சொல்ல முடியும்.

## கண்ணாடிக் குழாயில் நடப்பது

ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை இம்யூனோகுளோபுலின் என்கிறோம். சிலருக்கு இவற்றில் ஒரு பகுதி மாறுபட்டு உருவாகிறது. உடல் சூட்டில் கரைந்தே இருக்கும்; சூடு குறைந்தால் திரண்டு படிந்துவிடும். இப்படிப்பட்டவரின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த சீரத்தை 4 டிகிரிக் குளிரில் வைத்தால், மறுநாளோ சில நாள் கழித்தோ குழாயின் அடியில் வெண்மையாக ஒரு படிவு இறங்கியிருக்கும். அதே குழாயை 37 டிகிரி வெந்நீரில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். படிவு கரைந்து, சீரம் பழையபடி தெளிந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது குழாயைத் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நோய் முழுதும் அந்த இரண்டு விரல் உயரக் குழாயில் தெரிந்தது.

உடலுக்குள்ளும் இந்தப் புரதங்கள் திரண்டு நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும், அல்லது அவற்றின் சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்கும். ரத்தம் மெதுவாக ஓடுகிற, சூடு குறைந்த கால்களில் அது முதலில் தெரிகிறது. தோலில் தெரிவதால் தோல் நோய் என்கிறோம். ஆனால் அதே ரத்தம்தான் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் போகிறது.

1933-இல் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் கொண்ட ஒருவரின் ரத்தத்தில் விண்ட்ரோப், ப்யூல் என்ற இருவர் இந்தக் குளிர்ப்படிவைக் கவனித்து எழுதினார்கள். 1947-இல் லெர்னரும் வாட்சனும் கிரையோகுளோபுலின் என்று பெயர் வைத்தார்கள். 1974-இல் ப்ரூவே குழுவினர் மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றும் சிகிச்சைத் தேர்வு இந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது.

| வகை | என்ன புரதம் | பெரும்பாலும் எங்கிருந்து | தோலில் எப்படி |
|---|---|---|---|
| முதல் வகை | ஒரே செல் கூட்டம் சுரக்கும் ஒற்றைப் புரதம் | மைலோமா, வால்டன்ஸ்ட்ரோம் நோய், பிற பி செல் (இம்யூனோகுளோபுலின் சுரக்கும் வம்சத்து வெள்ளணு) கோளாறுகள் | விரல் நுனி, காது மடல், மூக்கு நுனி நீலம் பாய்தல், கறுத்தல், ஆழமான புண் |
| இரண்டாம் வகை | ஒற்றைப் புரதமும் பல்வகைப் புரதமும் சேர்ந்தது | ஹெபடைடிஸ் சி, ஷோகிரன் நோய் (கண்ணும் வாயும் வறளும் தன்னெதிர்ப்பு நோய்), சில சமயம் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) | காலில் மேடு தட்டும் செம்புள்ளிகள், கணுக்கால் அருகே புண் |
| மூன்றாம் வகை | பல்வகைப் புரதங்கள் மட்டும் | தன்னெதிர்ப்பு நோய்கள், நீடித்த தொற்றுகள் | செம்புள்ளிகள், பெரும்பாலும் லேசாக |

இரண்டாம், மூன்றாம் வகைகளைச் சேர்த்துக் கலப்பு வகை என்பார்கள்.

## தேர்வுக்கு முன்னால்: அறிக்கையை நம்பலாமா?

சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஒரு பரிசோதனையில் ரத்தம் எடுத்த நிமிடத்திலிருந்தே தவறு நேரலாம்.

ஊசியும் குழாயும் முன்கூட்டியே சூடாக இருக்க வேண்டும். எடுத்த ரத்தம் 37 டிகிரியிலேயே உறைய வேண்டும், சீரத்தைப் பிரிக்கும் வரை சூடு குறையக் கூடாது. வழியில் குளிர்ந்துவிட்டால் படிய வேண்டிய புரதம் ரத்தக்கட்டியோடு சேர்ந்து இறங்கிவிடும். பிரித்த சீரத்தில் தேட ஒன்றும் இருக்காது. அறிக்கையில் "இல்லை" என்று வரும். பிரித்த பிறகு ஏழு நாள் வரை குளிரில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வகை ஒரு நாளிலேயே படிந்துவிடும். மூன்றாம் வகைக்கு ஒரு வாரமே ஆகலாம்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள் பனிக்கட்டிப் பையில் சுற்றிய குழாய் ஒன்று வந்தது. வேறு சில மாதிரிகளுக்கு அது நல்ல பழக்கம். இதற்குக் கேடு. மாதிரியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். "மறுபடி ஊசி குத்த நோயாளி சம்மதிக்க மாட்டார், இருப்பதை வைத்துச் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. செய்தோம். "இல்லை" என்றே அறிக்கை போயிற்று. சில மாதம் கழித்து அதே பெயரில் மறுபடி ஒரு குழாய் வந்தது, இந்தத் தடவை சூடாக. அடியில் படிவு கெட்டியாக நின்றது. அதற்குள் அவருடைய சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருந்தது. அன்று நான் இன்னும் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆகவே அறிகுறிகள் பொருந்துகின்றன, அறிக்கை மட்டும் "இல்லை" என்கிறது என்றால், ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள். சி4 என்ற புரதம் வெகுவாகக் குறைந்திருப்பதும், மூட்டு நோய் இல்லாதவரிடம்கூட ருமட்டாய்டு காரணி கூடுதலாக இருப்பதும் கலப்பு வகைக்கு நல்ல தடயங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹெபடைடிஸ் சி உள்ள பலருடைய ரத்தத்தில் இந்தப் புரதம் கொஞ்சம் இருக்கும். அவர்களில் சிலருக்குத்தான் புள்ளியும் வலியும் வருகின்றன. அறிக்கையில் "உள்ளது" என்று இருப்பதற்காக மட்டும் மருந்து தொடங்க வேண்டியதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், புரதம் எங்கே பிறக்கிறது என்பது. வைரஸ் தூண்டுகிறதா, தன்னெதிர்ப்பு நோய் தூண்டுகிறதா, மஜ்ஜையில் ஒரு செல் கூட்டம் தானாகச் சுரக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் மற்ற எந்தக் கேள்விக்கும் போக வேண்டாம். தோலைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த நோயில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த பிழை.

இரண்டாவது, எது வரை போயிருக்கிறது என்பது. தோலோடு நின்றிருப்பது ஒன்று. காலில் மரமரப்பு, பாதம் தூக்க முடியாமை, நுரைத்த சிறுநீர், ஏறும் ரத்த அழுத்தம், முகவீக்கம் என்றால் முற்றிலும் வேறு. மூன்றாவது, வேகம். வாரக்கணக்கில் காத்திருக்க முடியுமா, நாட்களில் முடிவு தெரிய வேண்டுமா? நான்காவது, உங்கள் உடலில் ஏற்கெனவே இருப்பவை: சர்க்கரை, எலும்புத் தேய்மானம், ஹெபடைடிஸ் பி, பழைய காசநோய், குழந்தை பெறும் திட்டம். ஐந்தாவது, மருந்து முடிந்த பிறகும் தொடரும் பரிசோதனைகளுக்கு உங்களால் போய்வர முடியுமா என்பது. இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. பாதியில் விட்டுப்போன சிகிச்சைகளில் பல இங்கேதான் அறுந்தன.

படிவின் அளவை நான் அளவுகோலில் சேர்க்கவில்லை. கிரையோகிரிட் என்று சதவீதமாகத் தருவார்கள். அது கூடினால் பயந்து குறைந்தால் மகிழ்கிறார்கள். நோயின் கடுமையோடு அது அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. குறைந்த படிவோடு சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு, நிறையப் படிவோடு நடமாடுபவர்களும் உண்டு.

## வழி ஒன்று: காலைப் பேணிக்கொண்டு கவனித்திருத்தல்

மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வலுவான மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான்.

நீண்ட நேரம் நிற்பதைக் குறைப்பது, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, பாதத்தையும் விரல்களையும் குளிரிலிருந்து காப்பது, தோல் வறண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை எளிதாகத் தோன்றினாலும் புதுப் புள்ளிகளைக் குறைக்கின்றன. குளிரைத் தவிர்ப்பது முதல் வகைக்குக் கட்டாயம். கலப்பு வகையில் குளிரைவிட நிற்பதுதான் பலருக்குத் தூண்டுகோல். அழுத்தக் காலுறை சிலருக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் புண் இருந்தாலோ, பாதத்துக்கு ரத்தம் வருவதே குறைவாக இருந்தாலோ அதே காலுறை கேடு செய்யும். மருத்துவர் நாடித்துடிப்பைப் பார்த்துச் சொல்லாமல் வாங்க வேண்டாம். புள்ளி அடிக்கடி வந்தால் சில மருத்துவர்கள் கால்ச்சிசின் மாத்திரையை முயன்று பார்ப்பார்கள்.

மறைந்திருக்கும் விலை, கவனம் தளர்ந்துபோவது. தோல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட மனம் வரும். சிறுநீரகம் வலிக்காமல் கெடும். காத்திருப்பது என்று முடிவு செய்தால் சிறுநீரில் புரதமும் ரத்தமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பார்ப்பதும் அந்த முடிவின் பகுதி.

தோலில் மட்டும் லேசாக, எப்போதாவது வந்து போகிறவர்களுக்கு இதுவே சரி. புண் விழுந்துவிட்டால் இந்த வழி முடிந்தது.

## வழி இரண்டு: வைரஸை ஒழித்தல்

ஹெபடைடிஸ் சி இருந்தால் எனக்கு இதில் தயக்கமே இல்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

1980-களின் இறுதி வரை கலப்பு வகை நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் காரணம் தெரியாது என்றே எழுதினார்கள். 1989-இல் ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. சேமித்து வைத்திருந்த ரத்தத்தையும் புது நோயாளிகளையும் சோதித்தபோது, காரணம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்தில் பெரும்பாலோரிடம் அந்த வைரஸ் இருந்தது. வைரஸைக் கண்டறிந்த பணிக்காக ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. தோல் நோயென்று பல ஆண்டு களிம்பு பூசியவர்களுக்கு வேர் கல்லீரலில் இருந்திருக்கிறது.

அந்தக் காலத்து இன்டர்ஃபெரான் ஊசி ஓராண்டு வரை இழுக்கும். காய்ச்சல், மனச்சோர்வு எல்லாம் தரும். சிலருக்கு நரம்புப் பாதிப்பைக் கூட்டியும் விட்டது. 2013-க்குப் பிறகு வந்த நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் நிலைமையை மாற்றிவிட்டன. சோஃபோஸ்புவிர் போன்ற மருந்துகளைச் சேர்த்து 8 முதல் 12 வாரம் எடுத்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் ஒழிந்துவிடுகிறது. பெரும்பாலோருக்குப் புள்ளிகள் அடங்கி, மூட்டு வலியும் குறைகிறது.

இப்போது மறைந்திருக்கும் விலைகளைப் பார்ப்போம். ஒன்று, வைரஸ் போனதும் புரதமும் போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தூண்டியது போய்விட்டாலும் தூண்டப்பட்ட பி செல்கள் கொஞ்ச காலம், சிலருக்கு நெடுங்காலம், சுரந்துகொண்டே இருக்கின்றன. தோல் நன்றாக இருந்தும் பரிசோதனையில் படிவு வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டாம். இரண்டு, சிலருக்கு நோய் பின்னாளில் திரும்புகிறது, குறிப்பாக நரம்பும் சிறுநீரகமும் முன்பே பாதிக்கப்பட்டவர்களுக்கு. மூன்று, ஹெபடைடிஸ் பி உடலில் உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மாத்திரை எடுக்கும்போது அது விழித்துக்கொள்ளலாம். மாத்திரை தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் நடந்ததா என்று கேளுங்கள். நான்கு, மற்ற மருந்துகளோடு உரசல். நெஞ்சுத் துடிப்புக்கான அமியோடரோன், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் என எடுக்கும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அவகாசம் இருந்தால் வைரஸ் மாத்திரை மட்டுமே போதும். சிறுநீரகம் வேகமாகக் கெடுகிறது, கால் புண் கறுக்கிறது என்றால் வைரஸ் மாத்திரையோடு அடுத்து வரும் வழிகளையும் சேர்த்துத்தான் நடக்க வேண்டும். முதலில் வைரஸா தோலா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இரண்டும் சேர்ந்தே போகும்.

## வழி மூன்று: ஸ்டீராய்டு

பிரெட்னிசோலோன் வேகமானது. சில நாட்களிலேயே புள்ளி மங்கும், மூட்டு இலகுவாகும். விலை குறைவு, மாத்திரையாக விழுங்கிவிடலாம். அதனால்தான் பலருக்கும் இதுவே முதல் மருந்தாக அமைகிறது. கடுமையான நிலையில் மெத்தில்பிரெட்னிசோலோனை மூன்று நாள் ரத்தநாளம் வழியாக ஏற்றுவதும் உண்டு; உயிரையும் சிறுநீரகத்தையும் காக்கிற அவசர மருந்து அது. அந்த இடத்தில் ஸ்டீராய்டு வேண்டாம் என்று மறுப்பது பெரிய தவறு.

ஆனால் ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது, புரதம் சுரக்கும் இடத்தை நெடுநாள் அடக்குவதில்லை. அளவைக் குறைத்ததும் புள்ளி திரும்புகிறது, மறுபடி கூட்டுகிறோம். அப்படியே மாதங்கள் ஆண்டாகின்றன. எலும்பு மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்ணில் புரை வருகிறது, கிருமித்தொற்று எளிதாகிறது. கால் தோலும் மெலிந்து புண் ஆறத் தாமதமாகிறது. தோலுக்காக எடுத்த மருந்து தோலையே மெலிய வைக்கிறது. ஹெபடைடிஸ் சி இருக்கும்போது வைரஸின் எண்ணிக்கையும் கூடலாம். இவற்றில் எதுவும் மருந்துக் கடை ரசீதில் வராது. கண் பரிசோதனை, எலும்பு அடர்த்திப் பரிசோதனை, சர்க்கரை மாத்திரை என்று வேறு வேறு கணக்கில் வரும். மூன்று மாதம் தாண்டி எடுக்கிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும்.

நாட்களில் அடக்க வேண்டிய கொந்தளிப்புக்கும், வேறு மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையிலான பாலமாகவும் ஸ்டீராய்டு நல்லது. எவ்வளவு நாளுக்கு, எப்போது குறைப்போம் என்று தொடங்கும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட நாள் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தவே கூடாது; உடல் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், மயங்கி விழும் அளவுக்குப் போகலாம்.

## வழி நான்கு: ரிட்டுக்சிமாப்

1997-இல் லிம்போமாவுக்காக வந்த மருந்து. பி செல்களின் மேலே உள்ள சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்து அந்தச் செல்களை அழிக்கிறது. கலப்பு வகையில் கோளாறான புரதத்தை உண்டாக்குவது பி செல் வம்சமே என்பதால் இது ஊற்றுக்கு அருகில் போய் வேலை செய்கிறது.

2012-இல் இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று இத்தாலியில் 59 பேரிடம், இன்னொன்று அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி உள்ள 24 பேரிடம். அமெரிக்க ஆய்வில் ரிட்டுக்சிமாப் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஆறாம் மாதத்தில் நோய் அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 12 பேரில் ஒருவருக்குத்தான் அடங்கியது. எண்ணிக்கை சிறிது, உண்மை. ஆனால் இவ்வளவு அரிய நோயில் பத்துக்கு ஒன்று என்ற வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது.

வாரம் ஒன்றாக நான்கு தடவை, அல்லது இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை ஏற்றுவார்கள். முதல் தடவை சில மணி நேரம் ஆகும். நடுக்கம், காய்ச்சல், அரிப்பு வந்தால் வேகத்தைக் குறைத்துத் தொடர்வார்கள். பலன் முழுதாகத் தெரிய வாரங்கள் ஆகும். பிறகு ஓராண்டு போல நிம்மதி. அப்புறம் சிலருக்கு நோய் திரும்பும், மறுபடி ஏற்ற வேண்டும்.

இதன் மறைந்த விலைகளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹெபடைடிஸ் பி எப்போதாவது வந்து போயிருந்தால்கூட இந்த மருந்து அதைக் கிளப்பிவிடலாம், கல்லீரலே செயலிழக்கும் அளவுக்கு. மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் எதிர்ப்புரதம் என்ற இரண்டு பரிசோதனையும் வேண்டும், ஒன்று போதாது. தடுப்பூசிகளை மருந்துக்குச் சில வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்ள வேண்டும், பிறகு போட்டால் உடல் சரியாக ஏற்றுக்கொள்ளாது. மருந்தின்போதும் கடைசி டோஸுக்குப் பிறகு 12 மாதமும் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப ஏற்றினால் நல்ல எதிர்ப்புரதங்களும் குறைந்துபோய் அடிக்கடி சளி, நிமோனியா என்று படுக்க நேரிடலாம்.

இன்னொன்று, எல்லோருக்கும் சொல்லப்படாதது. படிவு மிக அதிகமாக உள்ள இரண்டாம் வகையினருக்கு ஏற்றிய மருந்தும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து, ஓரிரு நாளில் நோய் முன்னைவிடக் கடுமையாகக் கிளம்பியது உண்டு. அதனால் அப்படிப்பட்டவர்களுக்குச் சில மருத்துவர்கள் முதலில் பிளாஸ்மாவை மாற்றிவிட்டு மருந்தை ஏற்றுகிறார்கள்.

நரம்பு, சிறுநீரகம், ஆறாத புண் என்று தோலைத் தாண்டியவர்களுக்கும், வைரஸ் இல்லாத கலப்பு வகையினருக்கும், ஸ்டீராய்டைக் குறைக்க முடியாமல் சிக்கியவர்களுக்கும் இது முன்னால் நிற்கிறது. தோலில் பத்துப் புள்ளி மட்டும் என்றால் நான் இதற்கு அவசரப்பட மாட்டேன்.

## வழி ஐந்து: பிளாஸ்மா மாற்று

ரத்தத்தை இயந்திரம் வழியாக ஓடவிட்டு, புரதம் கலந்த பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஆல்புமின் கரைசல் தருவார்கள். உள்ளே போகும் திரவம் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் குழாயிலேயே புரதம் படிந்துவிடும். இருக்கிற படிவை மணிக்கணக்கில் குறைக்க இதைவிட வேகமான வழி இல்லை. ரத்தம் குழம்பாகக் கெட்டிப்பட்டுப் பார்வை மங்குகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, விரல் கறுக்கிறது, சிறுநீரகம் நாளுக்கு நாள் சரிகிறது என்றால் இதுதான் வழி.

ஆனால் தொட்டியில் தண்ணீரை இறைப்பது போலத்தான்; குழாயை மூடாமல் இறைத்தால் மறுபடி நிரம்பும். கூடவே சுரப்பை அடக்கும் மருந்து இல்லாவிட்டால் சில நாளில் பழைய நிலை. பெரிய ரத்தநாளத்தில் குழாய் செருகுவது, அதில் தொற்று, உதடு மரமரப்பு, ஒன்றுவிட்டு ஒரு நாள் படுக்கை என்று உடலும் நேரமும் செலவாகும்.

## முதல் வகையினருக்குத் தனியாக

உங்கள் அறிக்கையில் ஒற்றைப் புரதம் மட்டும் என்று இருந்தால் மேலே உள்ள ஒப்பீட்டில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ரத்தவியல் மருத்துவரிடம் போக வேண்டும். மஜ்ஜைப் பரிசோதனை செய்து, எந்தச் செல் கூட்டம் சுரக்கிறதோ அதற்கான மருந்தைத் தருவார். பிளாஸ்மா செல் என்றால் போர்டெசோமிப் போன்றவை, பி செல் என்றால் ரிட்டுக்சிமாப் சேர்ந்த கூட்டு மருந்து. தோல் மருத்துவரிடமே நாளைக் கடத்துவதுதான் இங்கே பெரிய இழப்பு. எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள். உடலைக் குளிர்வித்துச் செய்யும் இதய அறுவைக்கு முன்னால் கட்டாயம்.

## கடிதம் எழுதிய இருவருக்கும்

இரண்டாமவருக்குப் பதில் சுலபமாக இருந்தது. புள்ளிகள் தோலோடு நிற்கின்றன, சிறுநீர் சுத்தம், கால் மரமரப்பு இல்லை. வைரஸ் மாத்திரையைத் தள்ளிப்போடக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிந்ததும் அதைத் தொடங்குவது பற்றிக் கல்லீரல் மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை காலைப் பேணுங்கள் என்று எழுதினேன்.

முதலாமவரைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். பிரெட்னிசோலோனை 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கினால் புள்ளிகள் திரும்புகின்றன. சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது. அளவுகோல்கள் எல்லாம் ரிட்டுக்சிமாப் பக்கமே சாய்ந்தன. அப்படியே எழுதிவிடலாம் என்று அவர் அனுப்பிய அறிக்கைகளைக் கடைசியாக ஒரு தடவை புரட்டினேன். கிரையோகுளோபுலின் இரண்டாம் வகை, சி4 குறைவு, கல்லீரல் நொதி லேசாகக் கூடுதல். ஒன்றரை ஆண்டுத் தாள்கள். ஹெபடைடிஸ் சி பரிசோதனை ஒன்றுகூட அவற்றில் இல்லை.

எதிர்ப்புரதப் பரிசோதனையும் வைரஸின் ஆர்என்ஏ பரிசோதனையும் சேர்த்தே எழுதித்தரச் சொல்லுங்கள் என்று அன்றே பதில் போட்டேன். இந்த நோயில் இரண்டுமே படிவோடு சேர்ந்து இறங்கி மறையக்கூடும், அதனால் ரத்தத்தைச் சூடு குறையாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றும் சேர்த்தேன். கூடவே ஹெபடைடிஸ் பி-க்கு இரண்டு பரிசோதனையும். ஊசியா மாத்திரையா என்பதை அந்தத் தாள்கள் வந்த பிறகு மருத்துவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அதுவரை ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.